னகரம் ஏன் முன்னால் வந்து நிற்கிறது?

தமிழ் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து னகரம். அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் எழுத்துகள் முப்பது என்று சொல்லித்தான் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே ஆரம்பிக்கிறது. ஒன்றாம் வகுப்பில் நாமும் கங, சஞ, டண, தந, பம, யர, லவ, ழள, றன என்று ராகம் போட்டுச் சொல்லி, 'றன' வந்ததும்தான் மூச்சு விட்டோம். அந்த வரிசை நம் தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறியது.

கம்ப்யூட்டருக்கு அது ஊறவில்லை. ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், பல நேரம் ன ஓடி வந்து ந-வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ற போய் ர-வை ஒட்டிக்கொள்கிறது. ழ, வ-வுக்கு முன்னால் ஏறிவிடுகிறது. நம் மதுரை ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசையில் இப்படி வரவேண்டும்: அச்சம்பத்து, அண்ணா நகர், அரசரடி, அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி. எழுத்துக்கு உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் இதே ஆறையும் இப்படித் தரும்: அச்சம்பத்து, அண்ணா நகர், அனுப்பானடி, அரசரடி, அழகர்கோவில், அவனியாபுரம். கடைசியில் நிற்கவேண்டிய அனுப்பானடி மூன்றாவதாக வந்துவிட்டது. அழகர் அவனியாபுரத்தை முந்திவிட்டார்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆறு பெயருக்குப் பெரிய விஷயமில்லை. அறுநூறு பெயர் ஒட்டியிருக்கும் சுவர்ப் பலகை முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் எழுபது வயதுக்காரருக்குப் பெரிய விஷயம். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பன்னீர் என்று பெயர் தொடங்கும் நண்பர் ஒருவர், முறையாக ப வரிசையின் கடைசியில், 'பா' தொடங்குவதற்கு முன்னால் தேடியிருக்கிறார். அங்கே பவுன், பவானி என்றுதான் இருந்தது. தன் பெயர் விட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, விளக்கம் கேட்டு மனு எழுதக் கிளம்பிவிட்டார். பெயர் இருந்தது. இரண்டு பக்கம் முன்னால், பந்தல் போட்டவர் பக்கத்தில் இருந்தது. தமிழ் சரியாகப் படித்தவர்தான் இதில் ஏமாறுவார், படிக்காதவர் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் வேடிக்கை.

ஒரு கல்லூரி நூலகத்தில் 31 ஆண்டு கேட்லாக் அட்டைகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இந்த வரிசை மீது ஒரு பாத்தியதை உண்டு. அதனால் இந்தக் கதையின் வேரைத் தேடிப் போனேன்.

வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்குகைகளில் உள்ள தமிழி கல்வெட்டுகளை 1882ல் ராபர்ட் சீவல் கண்டார். 1965ல் ஐராவதம் மகாதேவன் அவற்றில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். அசோகர் காலத்துப் பிராமி எழுத்தை வாங்கித் தமிழை எழுதத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. வடக்கே வேண்டியிருந்த எத்தனையோ எழுத்து நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய நான்கு ஒலிக்கு அங்கே எழுத்து இல்லை. அந்த நான்கு: ழ, ள, ற, ன. வேண்டாததை விட்டுவிட்டு, இந்த நான்குக்கும் புதிதாக வடிவம் அமைத்துக்கொண்டார்கள். நெடுஞ்செழியன் என்ற அந்தப் பெயரிலேயே ழ-வும் ன-வும் இருப்பதைப் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்த நான்கும் வரிசையின் கடைசியில் சேர்க்கப்பட்டன, அதனால்தான் நெடுங்கணக்கு ழ, ள, ற, ன என்று முடிகிறது என்பது கல்வெட்டறிஞர்கள் கருத்து. எனக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. வாங்கிய வீட்டில் நாமே கட்டிச் சேர்த்த அறை கொல்லைப்புறத்தில்தானே இருக்கும்!

பழைய நிகண்டுகளுக்கு இந்த வரிசை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. திவாகரமும் பிங்கலமும் பொருள்வாரியாகச் செய்யுளில் போகும். மனப்பாடம் செய்தவனுக்குத் தேடவேண்டிய அவசியம் இல்லை. 1594ல் சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி அகராதி நிகண்டு செய்தார். 'அகராதி' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1732ல் வீரமாமுனிவரின் சதுரகராதி. பிறகு யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை தொகுத்ததை நம் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு முதல் ஆசிரியராக இருந்த சாண்ட்லர், மதுரை அமெரிக்க மிஷன்காரர். பின்னால் வையாபுரிப்பிள்ளை பொறுப்பில் அது 1936ல் ஆறு தொகுதியாக முடிந்தது. 1,04,405 சொற்கள். அத்தனையும் கையால் எழுதிய சீட்டுகளிலிருந்து. ஒரு சீட்டு இடம் மாறினால் சொல்லே காணாமல் போன மாதிரி. அந்த அடுக்கலில் ன கடைசிதான், ற அதற்கு முன்தான்.

அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புள்ளி வைத்த எழுத்து முன்னால், புள்ளியில்லாதது பின்னால். 'பல்கலை' முதலில் வரும், அதற்குப் பிறகுதான் 'பலகை'. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1980களில் கம்ப்யூட்டருக்கு இந்திய மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலை நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், பிறகு புனேயில் சி-டாக் நிறுவனத்திலும் செய்த வேலையின் பலனாக 'இஸ்கி' என்ற குறிமுறை வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை 1991ல் தரமாக வெளியிட்டது. அதன் யோசனை கெட்டிக்காரத்தனமானது. நம் எழுத்துகள் எல்லாம் ஒரே பிராமியின் பிள்ளைகள். ஆகவே எல்லா மொழிக்கும் ஒரே இருக்கை வரிசை போட்டுவிடுவோம், க-வுக்கு எந்த மொழியிலும் ஒரே இடம், அப்போது இந்தியில் அடித்த பெயரைத் தமிழிலோ வங்காளத்திலோ சட்டென்று மாற்றிக் காட்டலாம். ரயில் டிக்கெட், வாக்காளர் பட்டியல் என்று பல மொழிகளில் பெயர் அச்சடிக்கவேண்டிய நாட்டில் இது வீண் யோசனை இல்லை. அவர்களைக் குறை சொல்லி எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்த இருக்கை வரிசைக்கு அச்சு, தேவநாகரி. அதில் நம் ன-வுக்கு எங்கே இடம்? தமிழ்ப் பெயர்களை இந்தியில் எழுதிக்காட்ட ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. இந்தி ந-வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது தமிழ் ன. இந்தி ர-வுக்குக் கீழே புள்ளி வைத்தால் ற. ள-வுக்குக் கீழே புள்ளி வைத்தால் ழ. புள்ளி வைத்த எழுத்தை அதன் தாய் எழுத்துக்குப் பக்கத்தில்தானே உட்கார வைப்பார்கள்? அப்படித்தான் வைத்தார்கள். விருந்தாளியாகப் போன வீட்டில் நம் எழுத்துக்குக் கொடுத்த இருக்கை, அதே வரைபடத்தோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

1991ல் வந்த யூனிகோடு, இஸ்கியின் 1988 வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. தேவநாகரித் தொகுதியில் புள்ளி வைத்த ந 41ஆம் இடம், தமிழ்த் தொகுதியில் ன 41ஆம் இடம். க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று காலி நாற்காலி, நம்மிடம் இல்லாத வடமொழிக் ககரங்களுக்காக. இன்றைக்கும் காலியாகவே கிடக்கிறது. எண்களாகவே சொன்னால் ந 2984, ன 2985, ப 2986. ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. அனுப்பானடி ஏன் அரசரடியை முந்துகிறது என்பதற்கு இந்த எண்களே பதில். அங்கே அகராதி தெரிந்தவர் யாரும் உட்கார்ந்து அடுக்கவில்லை, எண் சிறியதா பெரியதா என்று பார்த்து அடுக்குகிறார்கள்.

மாற்றிவிட வேண்டியதுதானே? முடியாது. ஓர் எழுத்துக்குக் கொடுத்த எண்ணை எந்தக் காலத்திலும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கட்டுப்பாடு. அதுவும் நியாயம்தான். இன்று ன-வின் எண்ணை மாற்றினால் இதுவரை தமிழில் அடித்த கோடிக்கணக்கான பக்கங்களும் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக அவர்களே சொன்னது இது: எண் வரிசை என்பது அகரவரிசை அல்ல. அகரவரிசை வேண்டுமென்றால் ஒப்பிடும் முறையை அந்தந்த மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு விதித்தொகுப்பு தருகிறோம். தந்தும் இருக்கிறார்கள். அதாவது, அஸ்திவாரத்தைத் தொடாமல் மேலே ஓர் ஆணை போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதை நிரல் எழுதும் பிள்ளைகள் 'ஓவர்ரைடு' என்கிறார்கள். எழுதுவதைக் குறிக்கும் ரைட் இல்லை, ஏறிச் செல்வதைக் குறிக்கும் ரைடு. நான் மேலாணை என்று சொல்லிக்கொள்கிறேன். நம் ஆட்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தலைமை அலுவலகத்தில் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. கிளைகள் எல்லாம் அதன்படிதான் நடக்கும், தனியாக எழுதவேண்டியதில்லை, பரம்பரையாக வந்துவிடும். ஒரு கிளைக்கு மட்டும் ஒரு விஷயத்தில் வேறு நடைமுறை வேண்டுமென்றால், கிளை மேனேஜர் அதே விதி எண்ணில், அதே தலைப்பில் தன் ஆணையைப் போட்டுக் கோப்பில் வைப்பார். குமாஸ்தா முதலில் கிளைக் கோப்பைப் பார்ப்பார். இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் தலைமைப் புத்தகத்தின்படி. நிரலிலும் இதேதான். தாய் வகுப்பில் 'ஒப்பிடு' என்று ஒரு வேலை இருக்கும், அது எண்ணைப் பார்த்து ஒப்பிடும். சேய் வகுப்பில் அதே பெயரில் தமிழ் வரிசைப்படி ஒப்பிடும் வேலையை எழுதிவிட்டால் தாயுடையது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

வேண்டும். ஆனால் பல நேரம் ஒதுங்குவதில்லை. எழுதிய பிள்ளை தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், திரையில் பழைய வரிசையே வரும்.

இந்தத் தொல்லைக்கும் வரலாறு இருக்கிறது. வகுப்பு, பரம்பரை, மேலாணை என்ற ஏற்பாடு முதலில் வந்தது நார்வே நாட்டில். ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில். அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. தாய் வகுப்பே முன்கூட்டி 'இந்த வேலையைப் பிள்ளைகள் மாற்றலாம்' என்று அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு 'விர்ச்சுவல்' என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்டிரோஸ்ட்ரப் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1979ல் தொடங்கி வளர்த்த மொழிதான் சி பிளஸ் பிளஸ். அதில் இந்த ஏற்பாடு 1983ல் சேர்ந்தது. அங்கேயும் தாயில் 'விர்ச்சுவல்' என்ற சொல் இல்லாவிட்டால், சேயில் என்ன எழுதினாலும் தாயின் வழியாகக் கூப்பிடும்போது தாயுடையதே ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் கொடுமை. 1995ல் வந்த ஜாவா இதைத் தலைகீழாக்கி, தடுத்தாலொழிய எல்லாவற்றையும் மாற்றலாம் என்றது.

ஒரு தொல்லை போனால் இன்னொன்று. பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டாலோ, கொடுக்கும் பொருளின் வகையை மாற்றிவிட்டாலோ ஜாவா அதை மேலாணையாக எடுத்துக்கொள்ளாது, புது வேலை என்று தனியே வைத்துவிடும். விதி எண் 14 என்று போடவேண்டிய இடத்தில் 14-அ என்று போட்ட ஆணை மாதிரி. குமாஸ்தா 14ஐத் தேடுவார், கிளைக் கோப்பில் இருக்காது, தலைமைப் புத்தகத்துக்குப் போய்விடுவார். அவர்மேல் தப்பே இல்லை. இந்தத் தொந்தரவு அதிகமாகி, 2004ல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பில் 'ஓவர்ரைடு' என்று ஒரு குறிப்பை ஆணையின் தலையில் எழுதிவைக்கும் வசதி கொடுத்தார்கள். அந்தக் குறிப்பு இருந்து, தாயில் அப்படி ஒரு வேலை இல்லையென்றால், நிரல் ஓடுவதற்கு முன்பே 'நீ எதையும் மாற்றவில்லையே' என்று சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸ்காரர்கள் இதே வசதிக்கு 2011 வரை காத்திருந்தார்கள்.

டாலும் நிகார்டும் இந்தச் சாதனைக்காக 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றார்கள். அடுத்த ஆண்டே, 2002ல், ஒருவர் பின் ஒருவராக இருவரும் காலமானார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது என் தங்கை மகனால். காளவாசல் பக்கத்தில் நாங்கள் ஓய்வு பெற்றவர்கள் கூடும் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. செங்கல் சூளைகளால் பெயர் வந்த இடம், இப்போது சூளை இல்லை, பைபாஸ் பஸ்ஸின் இரைச்சல்தான். உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியாக அச்சடிக்க முடிவு செய்தபோது, பன்னீர் கதை நடந்த பிறகு என்பதால், அகராதி வரிசையில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த மருமகன் ஜாவாவில் எழுதித் தருகிறேன் என்றான். தமிழ் வரிசை தெரிந்த ஆயத்த நிரல்கள் கிடைக்கின்றன, அவன் தானே எழுதிப் பார்க்க ஆசைப்பட்டான். அந்த வயதில் அது நல்லதுதான்.

இரண்டு நாள் கழித்து வந்து உட்கார்ந்தான். "மாமா, நான் எழுதுனது எடுக்கவே மாட்டேங்குது. அனுப்பானடி மூணாவதுலேயே நிக்குது."

"எடுக்கலையா, எடுத்துத் தப்பாப் போடுதா? ரெண்டும் வேற வேற மாப்ள" என்றேன். எனக்கு ஜாவா தெரியாது. ஆனால் நூலகத்தில் ஓர் அட்டை தப்பான பெட்டியில் இருந்தால், அடுக்கியவனுக்கு விதி தெரியவில்லையா, அல்லது அந்த அட்டை அவன் கைக்கே போகவில்லையா என்றுதான் முதலில் கேட்போம்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சேய் வகுப்பின் ஒப்பிடும் வேலைக்குள் முதல் வரியாக 'வந்தேன்' என்று திரையில் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். ஓட்டினான். பட்டியல் வந்தது, 'வந்தேன்' வரவில்லை. அதாவது அவன் எழுதியதைக் கூப்பிடவே இல்லை. அதற்குள் எத்தனை திருத்தம் செய்தாலும் பயனில்லை. இரண்டு நாளாக அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஏன் கூப்பிடவில்லை? ஆணையின் தலையில் 'ஓவர்ரைடு' குறிப்பை எழுதிப் பார்த்தான். உடனே பிழைச் செய்தி. தாய் வகுப்பில் ஒப்பிடும் வேலை எந்தப் பொருளையும் வாங்கிக்கொள்ளும் என்று பொதுவாக எழுதியிருந்தது. இவன் சேயில் 'பெயர்' என்ற வகையை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தான். விதி எண் 14-அ! வகையைத் தாயில் இருந்தபடியே மாற்றினான், பிழைச் செய்தி போனது. ஓட்டினால் திரை முழுக்க 'வந்தேன்', 'வந்தேன்' என்று வரிவரியாக ஓடியது. அனுப்பானடி கீழே இறங்கியது. பையன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அச்சடித்து எடுத்து வந்தான். தாளில் மறுபடி அனுப்பானடி மூன்றாவது.

இந்த முறை அவனே சிரித்துவிட்டான். திரையில் காட்டும் பட்டியல் அவன் வகுப்பின் வழியாகப் போகிறது. அச்சுக்குப் போகும் பட்டியலோ, பெயர்களைச் சேமித்துவைத்திருக்கும் தரவுத்தளத்திலிருந்து நேராகப் போகிறது. 'வரிசைப்படுத்திக் கொடு' என்று அதனிடமே கேட்டிருந்தான். தரவுத்தளத்துக்கு இவன் ஆணையும் தெரியாது, ஆணை போட்டவனையும் தெரியாது. அதற்கு என்று தனி ஒப்பீட்டு முறை இருக்கிறது, அதை உருவாக்கும்போது என்ன அமைத்தோமோ அதுதான். இவனுடையதில் வெறும் எண் வரிசை அமைந்திருந்தது. கிளைக் கோப்பில் ஆணை பத்திரமாக இருக்கிறது, காரியம் வேறு அலுவலகத்தில் நடந்துவிடுகிறது. பட்டியலை முதலில் நிரலுக்குள் கொண்டுவந்து அடுக்கி, பிறகு அச்சுக்கு அனுப்பும்படி மாற்றினான்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை நான்தான் பிடித்தேன். 'பலகை' என்று தொடங்கும் ஒரு கடைப் பெயர் 'பல்கலை நகரு'க்கு முன்னால் நின்றது. யூனிகோடில் புள்ளிக்கும் தனி எண் உண்டு, 3021. உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் அப்பால், வெகு பின்னால். மருமகன் பதினெட்டு மெய்யையும் சரியாக வரிசைப்படுத்தியிருந்தான், புள்ளியை மறந்துவிட்டான். ஆனால் இது முதல் இரண்டு மாதிரி இல்லை. இங்கே ஆணை பலித்துவிட்டது, ஆணையில்தான் குறை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லித்தந்ததை அவன் ஆங்கிலப் பள்ளி சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். லெக்சிகனின் ஒரு தொகுதியை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அரை மணியில் சரியாகிவிட்டது.

மேலாணை வேண்டாம், அஸ்திவாரத்தையே புதிதாகப் போடுவோம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண், அதுவும் நெடுங்கணக்கு வரிசையிலேயே கொடுத்து 'டேஸ் 16' என்று ஒரு குறிமுறை செய்தார்கள். கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்றே, யூனிகோடைத் தரமாகவும் டேஸ் 16ஐ மாற்று முறையாகவும் ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அதில் எண்ணைப் பார்த்து அடுக்கினாலே அகரவரிசை வந்துவிடும், ஓவர்ரைடு என்ற பேச்சே வேண்டாம். அழகான ஏற்பாடு. ஆனால் அதற்குள் செல்போன், இணையம், பத்திரிகை எல்லாம் யூனிகோடில் ஓடத் தொடங்கியிருந்தன. இப்போது நீங்கள் இதைப் படிப்பதும் யூனிகோடில்தான். என் அபிப்பிராயம், இனி நாம் மேலாணை போட்டே வாழவேண்டியவர்கள். மாங்குளத்துக்காரர்கள் செய்ததும் அதுதானே, வாங்கிய எழுத்தை வைத்துக்கொண்டு தேவையானதை மேலே போட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கோயில் நன்கொடைப் பட்டியலோ சங்கப் பட்டியலோ அச்சடித்துத் தந்தால் இந்த ஐந்து சொல்லைக் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள்: பனை, பவளம், பலகை, பழம், பல்கலை. பல்கலை, பலகை, பவளம், பழம், பனை என்று வந்தால் சரி. பனை முதலில் வந்தால் ஆணை போய்ச் சேரவில்லை, அல்லது ஆணையே போடவில்லை. பனை கடைசியில் வந்தும் பலகை பல்கலைக்கு முன் நின்றால், ஆணை சேர்ந்துவிட்டது, புள்ளியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

எங்கள் பட்டியல் அந்த மாதக் கூட்டத்துக்கு அச்சாகி வந்துவிட்டது. ஊர் வரிசையில் அ-வின் கடைசிக்குப் போன அனுப்பானடி நண்பர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவை மூணாவதா இருந்தோம், எங்களை ஏன்யா இப்படிக் கீழ தள்ளிட்டீங்க?" என்றார். பன்னீர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 'பா'வுக்கு முன்னால் விரலை வைத்துத் தன் பெயரைப் பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.